சிப்பிகளுக்கு வாசித்த ஓலை

தொம்மைத்துறை ஊர்க்கமிட்டி சிப்பிகளை ஊரைவிட்டு விலக்கிவைத்த ஞாயிற்றுக்கிழமைக்கு மறுநாள் காலை, உப்புக்கொட்டகையில் தனியாகக் குடியிருந்த ஜெனோவா கதவைத் திறந்தபோது, அவை மொத்தமும் அவள் வாசலுக்கு வந்து சேர்ந்திருந்தன. சுவரில் ஜன்னல் மட்டம் வரைக்கும், தண்ணீர்த் தொட்டியின் வெளிப்புறத்திலும், மணலில் கவிழ்த்துப் போட்டிருந்த அவளுடைய சின்ன வள்ளத்தின் முதுகிலும், துணி காயப்போடும் கம்பத்தில் ஓர் ஆள் உயரத்துக்கும், கறுப்பும் பழுப்புமாக, ஒன்றன்மேல் ஒன்றாக, ஆனால் கதவை மட்டும் விட்டுவிட்டு மரியாதையாக ஒட்டிக்கொண்டிருந்தன. ஜெனோவா கொஞ்ச நேரம் பார்த்தாள். விலக்கப்பட்டதுகள் வேறு எங்கே போகும் என்று நினைத்துக்கொண்டு, "வந்துட்டியளா? சரி, இருங்க" என்று சொல்லிவிட்டு, வாளியை எடுத்துக்கொண்டு அவற்றுக்குக் கடல்தண்ணீர் மொண்டுவரப் போனாள்.

அவளும் விலக்கப்பட்டவள்தான். மூன்று வருடமாகிறது.

தொம்மைத்துறையில் ஊர்விலக்கு என்பது லேசுப்பட்ட காரியம் அல்ல. கோயில் மணியின் நாக்கில் துணியைச் சுற்றி ஒன்பது முறை அடிப்பார்கள். அந்த அமுங்கிய சத்தம் கேட்டதும் ஊர் முழுக்க மீன் ஏலக்கூடத்தில் கூடும். கமிட்டிச் செயலாளர் ஓலையை வாசிப்பார். ஓலை என்றாலும் அது காகிதம்தான். "இன்று முதல் இவர்களுக்கு ஊரில் இடமில்லை. இவர்களோடு யாரும் பேசவோ, அன்னம் தண்ணீர் புழங்கவோ, அடுப்புக்கு நெருப்புக் கொடுக்கவோ வாங்கவோ கூடாது. மீறுகிறவர் எவரும் இவர்களைச் சேர்ந்தவரே." வாசித்து முடித்ததும் அத்தனை பேரும் ஒரே அசைவில் திரும்பி, விலக்கப்பட்டவருக்கு முதுகைக் காட்டி நிற்பார்கள். அதோடு அவர் தூண்டில் வளைவுக்கு அந்தப் பக்கம் போய்விட வேண்டும். கடலரிப்பைத் தடுக்கக் கல் கொட்டிக் கட்டிய அந்த நீளமான வளைவுதான் ஊருக்கு எல்லை.

ஜெனோவாவுக்கு ஓலை வாசித்தவன் இன்னாசி. அவளுடைய கூடப்பிறந்த தம்பி. அம்மா போனபோது அவனுக்கு நாலு வயது, இவளுக்குப் பதினேழு; மீன்கூடை சுமந்தும், பிறகு படகுகளின் அடிப்பாகத்தைச் சுரண்டிக் கொடுத்தும் இவள்தான் அவனை வளர்த்தாள், படிக்கவைத்தாள், சொந்தமாக ஒரு லாஞ்சு வாங்கும் அளவுக்கு ஆளாக்கினாள். இவளுக்குக் கல்யாணம் நடந்து புருஷன் ஆறே மாதத்தில் கடலோடு போனான். இன்னாசியோ கல்யாணமே வேண்டாம் என்று இருந்துவிட்டான். ஊரிலேயே தெளிவான குரல் அவனுக்கு. சட்டம் என்றால் சட்டம் என்று நிற்கிற குணமும் அவனுக்குத்தான், அதனாலேயே செயலாளர் ஆனான். அக்காவின் பெயரை வாசிக்கும்போது அவன் குரல் எங்கும் இடறவில்லை. வாசித்து முடித்துக் காகிதத்தை நாலாக மடித்துச் சட்டைப்பையில் வைத்துவிட்டு அவனும் திரும்பி நின்றான். ஜெனோவாவுக்கு ஊர் காட்டிய முதுகுகளில் மற்ற எதுவும் ஞாபகம் இல்லை. அந்த ஒரு முதுகை மட்டும் மூன்று வருடமாக அவளால் மறக்க முடியவில்லை.

அவள் செய்த குற்றம் உண்மையைச் சொன்னதுதான், அதையும் வெளியாள் முன்னால் சொன்னது. கமிட்டித் தலைவர் போனிபாஸ் எங்கேயோ ஒரு கப்பல் உடைக்கிற இடத்திலிருந்து சல்லிசாகக் கிடைத்தது என்று ஒரு பெரிய இரும்பு மிதவையை இழுத்துவந்து, கடலுக்குள் நீளும் படகுப் பாலத்தை ஒட்டிக் கட்டி, பூமாலை போட்டு, தன் பெயரையும் எழுதிவைத்தார். ஆறு மாதத்தில் பாலத்துத் தூண்களில் ஒரு புதுச் சிப்பி ஒட்டிக் கட்ட ஆரம்பித்தது. ஒரு வருடத்தில் தூண்கள் இரண்டு மடங்கு பருத்துவிட்டன. படகுகள் அடிப்பாரம் தாங்காமல் டீசலைக் குடித்தன. நம்முடைய பாறைச் சிப்பி இருந்த இடம் தெரியாமல் போனது. விசாரிக்க அதிகாரி ஒருவர் வந்தார், நீலமேகம் என்று பெயர். இது உலகத்தின் அந்தக் கோடியிலிருந்து கப்பல்களின் வயிற்றில் ஒட்டிக்கொண்டு வருகிற ஜாதி, இங்கே எப்படி வந்தது என்று யாருக்காவது தெரியுமா என்று அவர் கேட்க, ஊரே வானத்தைப் பார்த்தபோது, சுரண்டியைக் கையில் வைத்திருந்த ஜெனோவா, "அந்த மிதவையோட வந்துச்சு சார். அடியில போய்ப் பாருங்க, பாட்டன் பூட்டன் எல்லாம் அங்கனதான் இருக்கு" என்று சொல்லிவிட்டாள். அடுத்த ஞாயிறு மணியின் நாக்கில் துணி சுற்றப்பட்டது.

அதன்பிறகு ஊர் சிப்பியை ஒழிக்கப் பாடாய்ப்பட்டது. நீலமேகம் சொன்னதென்னவோ எளிமையான காரியம்தான்: படகுகளை மாதத்துக்கு ஒருமுறை கரையேற்றி வெயிலில் காயவிடுங்கள், சுரண்டுங்கள், சுரண்டியதைக் கரையிலேயே குழிதோண்டிப் புதையுங்கள். ஊர்க்காரர்கள் சுரண்டினார்கள், ஆனால் கடலில் இருந்து வந்ததைக் கடலில் போடாமல் மண்ணில் போடுவதா, பாவமில்லையா என்று அள்ளி அள்ளித் தண்ணீரிலேயே போட்டார்கள். சுரண்டிய இடத்தில் ஒன்றுக்கு நாலாக வந்தது. தூண்களுக்குத் தார்ப்பாய் சுற்றினார்கள், தார்ப்பாயிலும் கட்டியது. பங்குச் சாமியாரை அழைத்துவந்து தீர்த்தம் தெளித்தார்கள். தீர்த்தம் கொண்டுவந்த வாளியிலும் கட்டியது. கடைசியில் ஒரு கூட்டத்தில் போனிபாஸ் எழுந்து, விலக்கிவைத்துவிடலாம் என்றார்.

டீக்கடை யாகப்பன் கேட்டான்: "சிப்பி என்ன நம்ம ஊர்க்காரனா தலைவரே, அத விலக்குததுக்கு?"

"நாலு வருசமா நம்ம பாலத்துல குடியிருக்கு. பிள்ளகுட்டி பெத்துருக்கு. வரி மட்டும் குடுக்கல. ஊர்க்காரனுக்கு வேற என்னவே அடையாளம் வேணும்?"

இன்னாசி ஓலை எழுதினான். மணி அமுங்கி ஒலித்தது. இன்னாசி பாலத்து முனையில் நின்று தண்ணீரைப் பார்த்து ஒரு வார்த்தை விடாமல் வாசித்தான். ஊர் மொத்தமும் கடலுக்கு முதுகைக் காட்டி நின்றது. மறுநாள் விடிந்தபோது பாலத்துத் தூண்கள் கட்டியபோது இருந்த சிமெண்டு நிறத்தில் நின்றன.

இவ்வளவு சிப்பியும் காய்ந்த மணலில் அரைக் கிலோமீட்டர் எப்படிப் போனது என்று ஊரில் ஒருவரும் கேட்கவில்லை. போகும்போது கோயில் நிலத்தின் வழியாகப் போனதா, சுற்றிப் போனதா என்பதைப் பற்றித்தான் இரண்டு நாள் பேச்சு. பிறகு பெருமை வந்தது. வட்டார விழாவில் தொம்மைத்துறைக்கு ஒரு கேடயம் கொடுத்தார்கள். பக்கத்துத் துறைமுகங்களில் இருந்தெல்லாம் ஆட்கள் வந்து ஓலையை ஜெராக்ஸ் எடுத்துப் போனார்கள். சில ஊர்களில் அதை லேமினேட் செய்து, மைக் வைத்து, நல்ல தமிழ் வாத்தியாரை விட்டு வாசித்தார்கள். அங்கெல்லாம் ஒரு சிப்பிகூட அசையவில்லை. அந்த ஊர்களில் மனிதர்களை விலக்கிப் பழக்கமில்லை. கைப்பழக்கம் இல்லாதவன் செய்கிற வேலை சுத்தமாக வராது. நீலமேகம் வந்து தூண்களைத் தடவித் தடவிப் பார்த்துவிட்டு, தன்னுடைய படிவத்தில் 'கையாண்ட முறை' என்ற கட்டத்தில் என்ன எழுதுவது என்று தெரியாமல் 'உள்ளூர் நிர்வாக நடவடிக்கை' என்று எழுதிக்கொண்டு போனார்.

கொட்டகையில் சிப்பிகள் ஒழுங்காக இருந்தன. ஓலைக்குக் கட்டுப்பட்டுப் பாலத்துப் பக்கம் திரும்பவே இல்லை. ஜெனோவா காலையும் மாலையும் தண்ணீர் ஊற்றினாள்; ஊற்றும்போது லேசாக வாய் திறந்து, அவள் பேசினால் கேட்பதற்கென்றே கொஞ்ச நேரம் திறந்தபடி இருந்தன. மூன்று வருடமாகப் பேச்சு சேர்ந்து கிடந்தது அவளிடம். எல்லாப் பேச்சும் இன்னாசியைப் பற்றித்தான். அவனுடைய லாஞ்சு, 'சூசையப்பர்', தினமும் வளைவின் முனையை ஒட்டித்தான் கடலுக்குப் போகும். சட்டையின் நிறம் தெரிகிற தூரம். ஆனால் அந்த இடம் வந்ததும் அவன் முகம் வேறு பக்கம் போய்விடும். "அந்தா போறான் பாருங்க. முதுகுத் தையல் விட்டுருக்கு, அதக்கூடத் தெச்சுப் போடத் தெரியாது பயலுக்கு" என்று அவள் சிப்பிகளிடம் சொல்வாள். ஊர் அவளைத் திரும்ப அழைக்க வேண்டும் என்று அவள் ஆசைப்பட்டதே இல்லை. அவன் ஒரு வார்த்தை பேச வேண்டும். திட்டினாலும் சரி.

பேச ஆள் வராமலும் இல்லை. மத்தியானம், வெயிலில் ஊரே கண்ணயர்கிற நேரத்தில், ஒவ்வொருவராகத் தூண்டில் வளைவின் கற்களைப் பிடித்துக்கொண்டு வருவார்கள். முதலில் வந்தது போனிபாஸேதான். படகின் அடியைச் சுரண்டியின் பிடியால் தட்டிப் பார்த்தே எந்தப் பலகை இற்றிருக்கிறது என்று சொல்கிறவள் அவள் ஒருத்திதான். "ஜெனோவா, பாழாப்போன கோவத்த மனசுல வச்சிக்காத. எம் படகு தண்ணி எடுக்கு. எங்கனன்னு தெரியல" என்று சொல்லிவிட்டு, அவள் கொடுத்த கருப்பட்டிக் காப்பியை வாங்கிக் குடித்துவிட்டுப் போனார். அடுத்த நாள் அவர் மனைவி வந்தாள், புருஷனுக்குத் தெரியாமல், அடுப்புக்கு மண்ணெண்ணெய் கொடுத்துவிட்டுப் போக. யாகப்பன் தினம் ஒரு பன்னைக் காகிதத்தில் சுற்றிக் கல்லிடுக்கில் வைத்துவிட்டு, நாய்க்கு வைத்தேன் என்று அவளிடமே சொல்வான். சாமியார் குடையோடு வந்து ஆசீர்வாதம் கொடுத்தார். ஆசீர்வாதம் பேச்சில் சேராது என்பது அவர் எண்ணம். எல்லோரும் போகும்போது ஒரே வார்த்தையைத்தான் சொன்னார்கள்: "யார்ட்டயும் சொல்லிராத தாயி." அவளும் சொல்லவில்லை. ஒவ்வொருவரும் தான் மட்டுமே வந்துபோவதாக நினைத்துக்கொண்டார்கள். சுவரில் இருந்த சிப்பிகளை யாரும் ஆளாகக் கருதவில்லை.

சித்திரை பிறந்தது. மீன்பிடித் தடைக்காலம் வந்தது. ஊரின் நாற்பத்தொரு லாஞ்சுகளையும் வர்ணம் அடிக்கக் கிரேன் வைத்துக் கரையேற்றி வரிசையாக நிறுத்தினார்கள். முதல் படகாகத் தலைவருடைய படகு தண்ணீரைவிட்டு எழும்பியபோது அதன் அடியில் நாலு விரல் தடிப்புக்குச் சிப்பி இருந்தது. கூட்டம் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தது. இரண்டாவது படகு எழும்பியது. சிரித்தவர்களில் ஒருவன் நிறுத்தினான். மூன்றாவது, பத்தாவது, முப்பதாவது. படகு இல்லாதவர்கள் ஓடிப்போய் வீட்டைப் பார்த்தார்கள், வாசற்படியில் இருந்தது. டீக்கடை பெஞ்சின் நான்கு காலிலும் இருந்தது. சாமியாரின் குடைக்காம்பில்கூட, கைபிடிக்கிற இடத்தை விட்டுவிட்டு, ஒரு கொத்து இருந்தது. பாலத்துத் தூண்கள் மட்டும் பளிச்சென்று இருந்தன.

கடைசியாக 'சூசையப்பர்' மேலே வந்தது. அதன் அடி, வர்ணக்கடையில் இருந்து அப்போதுதான் வந்ததுபோல, ஒரு புள்ளி இல்லாமல் சுத்தமாக இருந்தது.

வரிசையை ஒருமுறை நடந்து பார்த்த இன்னாசிக்கு விஷயம் புரிந்துவிட்டது. அவன் சட்டைப்பையில் இருந்து ஓலையை எடுத்து, எல்லோரும் எப்போதும் காதில் வாங்காமல் விடுகிற அந்தக் கடைசி வரியை வாசித்தான். "மீறுகிறவர் எவரும் இவர்களைச் சேர்ந்தவரே." சிப்பிகள் சட்டத்தை மீறவே இல்லை. தங்களோடு சேர்ந்தவர்களிடம்தான் போயிருந்தன.

"தலைவரே," என்றான் இன்னாசி, "நீங்க பேசுனியளா?"

போனிபாஸ் தலைகுனிந்தார். "ஒரு காப்பி குடிச்சேன்."

"எங்க வீட்டுல குடிக்காத காப்பியா?" என்று அவர் மனைவி ஆரம்பித்து, தன் வாசற்படி ஞாபகம் வந்து நிறுத்திக்கொண்டாள்.

விவரம் தூண்டில் வளைவுக்கு அந்தப் பக்கமும் போனது. மற்ற யார் படகில் எவ்வளவு தடிப்பு என்று யாகப்பன் விரல் வைத்துக் காட்டிக் காட்டிச் சொன்னதெல்லாம் ஜெனோவாவின் காதில் ஏறவில்லை. "அவன் படகுல?" என்று கேட்டாள். யாகப்பன் பன்னைக் கையில் வைத்துக்கொண்டு நின்றான். "ஒண்ணுகூட இல்லக்கா." அவள் அன்றைக்குச் சிப்பிகளுக்குத் தண்ணீர் ஊற்றவில்லை. சுவரைப் பார்த்து உட்கார்ந்து அழுதாள். ஊர் முழுக்கத் தன்னிடம் வந்துபோனதற்கு அத்தாட்சி கிடைத்த நாளில், வராதவன் யார் என்பதற்கும் கிடைத்துவிட்டதே என்று அழுதாள்.

இன்னாசி சட்டப்படி நடந்தான். ஓலைப்படி பார்த்தால் ஊரில் மிச்சம் இருப்பது அவன் ஒருவன். மற்றவர்கள் எல்லோரும் விலக்கப்பட்டவர்கள். விலக்கப்பட்டவர்களும் சட்டத்தை மதித்தார்கள், அதில் அவர்களுக்கு ஒரு கஷ்டமும் இருக்கவில்லை: பாயையும் பானையையும் எடுத்துக்கொண்டு கூட்டமாகத் தூண்டில் வளைவைத் தாண்டிப் போய்க் கொட்டகையைச் சுற்றிக் கூரை போட்டுக்கொண்டார்கள். டீக்கடை அங்கே போனது. சீட்டாட்டம் அங்கே போனது. சாமியார் அங்கேயே பூசை வைத்தார். இத்தனை நாள் கள்ளத்தனமாகக் குடித்த காப்பியை இப்போது வரிசையில் நின்று சத்தமாகச் சிரித்துக்கொண்டு குடித்தார்கள். படகில் தடிப்பு குறைவாக இருந்தவர்கள், எனக்கு வர ஆசைதான், நேரம் கிடைக்கவில்லை என்று ஜெனோவாவிடம் சமாதானம் சொன்னார்கள்.

இந்தப் பக்கம் நாற்பத்தொரு லாஞ்சும், முந்நூறு பூட்டிய வீடும், இன்னாசியும்தான். முதல் நாள் அவன் கமிட்டிக் கூட்டம் போட்டான். தானே முன்மொழிந்து தானே வழிமொழிந்தான். விலக்கை நீக்கத் தீர்மானம் எழுதலாமா என்று பார்த்தான். விலக்கப்பட்டவர் வந்து மன்னிப்புக் கேட்டால்தான் நீக்கலாம் என்று விதி இருந்தது. அக்கா கேட்க மாட்டாள். கேட்கவும் கூடாது, ஏனென்றால் சிப்பி மிதவையோடுதான் வந்தது; அது அவனுக்கு அன்றைக்கே தெரியும். இரண்டாம் நாள் மணி அடித்தான், கூடுவதற்கு ஆளில்லை. மூன்றாம் நாள் தன் குரலைத் தானே கேட்பதற்காக ஓலையைச் சத்தமாக வாசித்தான். நாலாம் நாள், சுத்தமான படகின் அடியில் நிழலுக்கு உட்கார்ந்து, அந்த வழவழப்பைத் தடவிப் பார்த்தான். ஊரிலேயே சட்டத்தை மீறாத ஒரே மனிதன் தான் என்பது அவனுக்கு அவமானமாக இருந்தது.

ஐந்தாம் நாள் காலையில் வீட்டில் தீக்குச்சி தீர்ந்துபோனது.

பத்து மணி வெயிலில், ஊர் மொத்தமும் பார்த்துக்கொண்டிருக்க, அவன் தூண்டில் வளைவின் கற்களில் ஏறி இறங்கி நடந்துவந்தான். சீட்டாட்டம் நின்றது. யாகப்பன் ஆற்றிக்கொண்டிருந்த டீயை ஆற்றாமல் பிடித்திருந்தான். ஜெனோவா வாசலில் வாளியோடு நின்றாள். இவன் வருகிற நாளில் என்னென்ன கேட்க வேண்டும் என்று மூன்று வருடமாக மனதில் சேர்த்து, சிப்பிகளிடம் சொல்லிப் பழகி வைத்திருந்தாள். அவனைப்போலவே முதுகைக் காட்டித் திரும்பி நிற்க வேண்டும் என்றும் முடிவு செய்திருந்தாள். கொட்டகையை அடைந்ததும் இன்னாசி அவள் முகத்தைப் பார்த்தான். ஊரிலேயே தெளிவான குரல் அவனுக்கு என்பதை யாரும் அப்போது நம்பியிருக்க மாட்டார்கள்.

"அக்கா," என்றான். "தீப்பெட்டி இருக்கா?"

ஜெனோவா திரும்பினாள், முதுகு காட்டத்தான் செய்தாள், ஆனால் உள்ளே போய்ச் சுவர்ப் பிறையில் இருந்து தீப்பெட்டியை எடுத்துக்கொண்டு வந்தாள். கொடுக்கும்போது அவள் சொன்னது ஒன்றுதான்: "அந்தச் சட்டையக் கழத்து. தையல் விட்டு ஒரு வருசமாச்சு."

அன்று மத்தியானம் ஊரில் ஒருவரும் இல்லை. விலக்கிவைக்க ஆள் இல்லாத ஊரில் விலக்கு ஏது? மாலைக் கடல் ஏற்றத்தோடு சிப்பிகள் சுவரைவிட்டு, கம்பத்தைவிட்டு, குடைக்காம்பைவிட்டு இறங்கின. மறுநாள் பாலத்துத் தூண்கள் பழையபடி பருத்து நின்றன. ஜனங்களும் பாயைச் சுருட்டிக்கொண்டு வீடு திரும்பினார்கள். கேடயத்தைத் திருப்பிக் கொடுக்க வேண்டுமா என்று ஒரு வாரம் பேசி, யாரும் கேட்காததால் வைத்துக்கொண்டார்கள்.

அதன்பிறகு வேறு வழியில்லாமல் வேலை செய்தார்கள். மிதவையை வெட்டிப் பழைய இரும்புக்குப் போட்டார்கள். போனிபாஸ் தன் பெயர் எழுதிய துண்டை மட்டும் வீட்டுக்குக் கொண்டுபோனார். நீலமேகம் முதல் நாளே சொன்னதைத்தான் செய்தார்கள்: கரையேற்றி, காயவைத்து, சுரண்டி, பாவ புண்ணியம் பார்க்காமல் மண்ணில் புதைத்தார்கள், மாதத்துக்கு ஒருமுறை, ஊர் மொத்தமும், ஜெனோவா சொல்கிற வரிசையில். ஒழிந்துவிடவில்லை. கட்டுக்குள் இருந்தது.

தடைக்காலத்தின் கடைசி நாளில் நீலமேகம் படிவத்தோடு வந்தார். படகு படகாகக் குனிந்து பார்த்துக்கொண்டு வந்தவர், 'சூசையப்பர்' பக்கத்தில் இடுப்பைப் பிடித்துக்கொண்டு நிமிர்ந்துவிட்டார். அதன் அடியில் ஜெனோவா சுரண்டியோடு படுத்திருந்தாள். இன்னாசி தையல் போட்ட சட்டையில் தலைமாட்டில் குந்தியிருந்து அவளுக்கு டார்ச் அடித்துக்கொண்டிருந்தான். தீப்பெட்டி வாங்கிய மறுநாள், மற்ற சிப்பிகள் பாலத்துக்குத் திரும்பிய அதே காலையில், நடுப்பலகையின் ஓரமாக விரல்நகம் அளவில் ஒன்று வந்து ஒட்டியிருந்தது. அவள் அதைத் தொடாமல் சுற்றி வட்டமாகச் சுரண்டி வழித்திருந்தாள்.

"இதுல எப்படிம்மா? ஏதாவது மிச்சம் இருக்கா?"

ஜெனோவா டார்ச் வெளிச்சத்தை அதன்மேல் படாமல் கையால் விலக்கிவிட்டாள். அதிகாரியிடம் உண்மை சொல்லித்தான் மூன்று வருடம் போனது.

"ஒண்ணும் இல்ல சார்," என்றாள்.